முக்கால் கதை

முடிவைச் சொல்லக் கூடாது. எங்கள் வாசகர் வட்டத்தில் இருக்கும் ஒரே விதி இதுதான். அதைப் போட்டவள் நான்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் தெய்வசிகாமணி அண்ணன், நான் பாதி படித்து வைத்திருந்த துப்பறியும் நாவலில் கொலைகாரன் யார் என்று டிக்கெட் கிழித்துக்கொண்டே சொல்லிவிட்டார். அவர் அரசு பஸ்ஸில் கண்டக்டர். டிராகனும் மந்திர வாளும் இல்லாத புத்தகத்தைக் கையால் தொட மாட்டார். அடுத்தவர் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் எட்டிப் பார்ப்பார். எனக்கு வந்த கோபத்தில் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன். பொள்ளாச்சிக்கு இன்னும் நாலு கிலோமீட்டர் இருந்தது. வெயிலில் நடந்துகொண்டே யோசித்துப் போட்ட விதி அது. ஒரு கதையில் முக்கால் பங்கைச் சொல்லலாம். அதற்கு மேல் வாயைத் திறந்தால் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரக் கூடாது.

கூட்டம் மாதத்தின் முதல் ஞாயிறு, காலை பதினோரு மணிக்கு, என் மூக்குக் கண்ணாடிக் கடையில். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கண் சோதிக்கும் எழுத்து அட்டைக்குக் கீழே ஐந்து நாற்காலி போடுவோம். நான், கண்டக்டர் அண்ணன், மருந்துக் கடை வைத்திருக்கும் ஜெசிமா, மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலையை வீட்டிலிருந்தே செய்கிற ரெஜினால்டு, அப்புறம் மங்கையர்க்கரசி. ஜெசிமாவுக்குத் திகில் கதை, ரெஜினால்டுக்கு விண்வெளி. மங்கைக்கு எதுவானாலும் சரி, பக்கங்கள் இருந்தால் போதும்.

மங்கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நூற்பாலையில் நூலின் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. வயது முப்பத்தெட்டு. கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டாள். வீட்டில் அவளும் தம்பி குழந்தைவேலும்தான். தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸில் ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய சிறுநீரகம் அவனுக்குப் பொருந்தும் என்று தெரிந்த அன்றைக்கு, என் கடைக்கு வந்து சர்க்கரை போடாத டீயைக் குடித்துவிட்டு, ஏதோ பஸ் கிடைத்துவிட்டது என்பதைப் போலச் சாதாரணமாகச் சொன்னாள். ஜூன் பத்தொன்பது என்று தேதியும் குறித்தார்கள்.

எனக்கு அன்றிலிருந்தே பயம். மறைக்க என்ன இருக்கிறது? ஏழு வருடத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் குடலிறக்கத்துக்கு ஒரு சின்ன ஆபரேஷன் என்று உள்ளே போனார். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் மங்கை. கதவைத் திறந்துகொண்டு ஒரு நர்ஸ் வந்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு அவருடைய கண்ணாடியை என் கையில் கொடுத்தாள். நானே பவர் பார்த்து, நானே ஃபிரேம் தேர்ந்து கொடுத்த கண்ணாடி. எதற்குக் கொடுக்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. மங்கைக்கு உடனே புரிந்தது, அவள்தான் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

இந்த வருடம்தான் நாங்கள் எல்லோரும் கதைத்துணை என்ற வாசிப்புச் செயலிக்கு மாறியிருந்தோம். காகிதப் புத்தகம் கிடைப்பது அரிதாகிவிட்டது. கதைத்துணையில் எல்லாமே இருந்தன. சந்தா கட்டினால் கைக்கடிகாரம் மாதிரி ஒரு பட்டையும் அனுப்புவார்கள். வாசிப்பு வசதிக்காக என்று போட்டிருந்தது. கண் களைத்தால் எழுத்தைப் பெரிதாக்கும், படபடப்பு கூடினால் ஓய்வெடுக்கச் சொல்லும். கண்ணாடிக் கடைக்காரிக்கு அது பிடிக்காமல் இருக்குமா? கேட்ட அனுமதிக்கெல்லாம் சரி, சரி என்று அழுத்தினேன்.

மே மாதக் கூட்டத்தில் ஜெசிமா 'பதினோராம் படுக்கை'யைப் பற்றிச் சொன்னாள். ஒரு மலையோர ஊரின் ஆஸ்பத்திரி. அங்கே பதினோராம் படுக்கையில் படுப்பவர் யாரும் வீட்டுக்குத் திரும்புவதில்லை. புதிதாக வந்த பெண் டாக்டர் ஒருத்தி காரணத்தைத் தேடுகிறாள். முக்கால் பங்கில், அந்தப் படுக்கையைச் சுற்றித் திரை இழுக்கப்படுகிறது, உள்ளே யாரோ புதிதாகப் படுத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் ஜெசிமா சொன்னாள். நிறுத்தும்போது அவள் கை நடுங்கியதைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். மாத்திரை அட்டையைத் தினமும் நூறு தடவை எண்ணுகிறவளுக்கே நடுக்கமா என்று கண்டக்டர் அண்ணன் கிண்டல் செய்தார். அடுத்த கூட்டத்துக்குள் எல்லோரும் அதையே படிப்பது என்று முடிவானது.

நான் இரண்டு நாளில் முடித்தேன். மூன்று நாள் தூங்கவில்லை. முடிவு என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மங்கைக்குத் தனிச் சந்தா கிடையாது. காகிதம் இருந்த காலத்திலிருந்தே எங்களுக்குள் ஒரு பழக்கம், நான் படித்து முடித்ததை அவளுக்குக் கொடுப்பேன். இப்போது என் டேப்லெட்டை அப்படியே கொடுத்துவிடுவேன். பட்டை என் கையிலேயே இருக்கும், அவளுக்கு அது எதற்கு? இந்தத் தடவையும் அவள் கேட்டாள். நான் கொஞ்சம் தயங்கினேன். பிறகு கொடுத்தேன்.

ஜூன் கூட்டம் நன்றாகவே இல்லை. வழக்கமாக ஆளுக்கு ஆள் மேலே விழுந்து பேசுவோம். அன்றைக்குத் திரை இழுக்கப்படுகிற இடம் வரை வந்து எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். ரெஜினால்டு இரண்டு தடவை கைபேசியில் தன் அப்பாவைக் கூப்பிட்டுச் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டான். கண்டக்டர் அண்ணன், இனிமேல் டிராகனோடு நிறுத்திக்கொள்கிறேன் என்றார். மங்கையோ தேங்காய் பன்னைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டுவிட்டு, தலைவலி என்று சீக்கிரம் கிளம்பிவிட்டாள். நல்ல எழுத்து இப்படித்தான் ஆளை ஆட்டும் என்று நான் பெருமையாகச் சொன்னதாக ஞாபகம்.

புதன்கிழமை மத்தியானம் மங்கை கடைக்கு வந்தாள்.

"ஆஸ்பத்திரில சொல்லிட்டனுங்க்கா. என்னால முடியாதுன்னு."

ஏன் என்று கேட்டேன். பயமாக இருக்கிறது என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏதாவது சொல்வேன், திட்டுவேன் என்று எதிர்பார்த்தாள் என்று இப்போது தோன்றுகிறது. நான் திட்டவில்லை. அவள் கையைப் பிடித்து, போகட்டும் அம்மணி, டாக்டர்கள் வேறு வழி வைத்திருப்பார்கள் என்றேன். அவள் போனதும் கல்லா மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். எனக்குள்ளே நிம்மதி. வெட்கங்கெட்ட நிம்மதி. அவள் உள்ளே போகப் போவதில்லை. என் கையில் யாரும் எதையும் உறையில் போட்டுத் தரப் போவதில்லை.

பத்து நாள் கழித்துக் குழந்தைவேல் வந்தான், கண்ணாடியின் மூக்குத் திண்டு விழுந்துவிட்டதென்று. இரண்டு கையிலும் ஊசி ஏற்றிய நரம்புகள் அடைபட்டு, கழுத்தில் குழாய் போட்டிருந்தார்கள். முகம் ஊதி, கண்ணாடியின் கால்கள் நெற்றிப்பொட்டில் அழுந்திய தடம் தெரிந்தது. ஃபிரேமை அகட்டிக் கொடுத்தேன். அவன் நிமிரவில்லை.

"கழுத்துலயும் சீழ் வச்சிருச்சுன்னா அப்பறம் ஊசி போட எடமில்லைங்கறாங்க. அக்காவ ஒண்ணும் சொல்லிராதீங்க. அவங்க மேல எனக்குக் கோபமே இல்லீங்க."

நான் ஏன் சொல்லப் போகிறேன் என்றேன்.

"இல்லீங்க, சிரிக்காதீங்க. ஏதோ புக்குல வருதாமா. மில்லுல வேலை பாக்கறவ, தம்பிக்குக் கிட்னி குடுக்கப் படுக்கறா, எந்திரிக்கவே மாட்டேங்கறா. அச்சு அசலா தன்னாட்டவே இருக்குதுன்னு ராத்திரியெல்லாம் உக்காந்துக்கறாங்க."

நான் திருகாணியைக் கீழே போட்டுவிட்டேன். தேடுவதாகப் பாவனை செய்துகொண்டு தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

நான் படித்த முடிவு அதுதான். திரைக்குப் பின்னால் இருந்தவள் ஒரு நூற்பாலைக்காரி, தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும். தம்பிக்குச் செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். அவள் உள்ளே போகிறாள். வெளியே அவளுடைய சிநேகிதி ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், கழுத்தில் கயிற்றோடு கண்ணாடி தொங்க. கதவு திறந்து ஒரு நர்ஸ் வருகிறாள். அவள் கையில் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் ஒரு ஜோடித் தோடு.

படித்தபோது தற்செயல் என்றுதான் நினைத்தேன். மூன்று நாள் முழித்திருந்து, தற்செயல், தற்செயல் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இந்தக் கதையை எல்லோரும்தானே படித்திருக்கிறார்கள், உலகத்தில் மில்லில் வேலை பார்க்கிறவள் மங்கை ஒருத்திதானா?

குழந்தைவேல் போனதும் ரெஜினால்டைக் கூப்பிட்டேன். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக என் விதியை நானே உடைத்தேன். கடைசியில் அந்தத் தம்பிக்காரன் பிழைத்தானா இல்லையா, எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை என்று சுற்றி வளைத்தேன்.

"எந்தத் தம்பிங்க்கா?" என்றான் ரெஜினால்டு. "படுக்கைல இருந்தது வயசானவருங்க. பையன் ஆன்லைன் மீட்டிங்ல இருப்பான், பக்கத்து ரூம்லயே அப்பா போயிருப்பாரு."

அவன்தான் மற்ற இருவரையும் அழைப்பில் சேர்த்தான். ஜெசிமாவின் படுக்கையில் ஒரு குழந்தை இருந்தது. மருந்துக் கடையில் மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், கொடுத்தவள் முக்காடு போட்டிருந்தாள். கண்டக்டர் அண்ணனின் படுக்கையில், ஓடுகிற பஸ்ஸின் படியிலிருந்து விழுந்த ஒரு பள்ளிக்கூடப் பெண். விசில் கொடுத்தது யார் என்று அவர் சொல்லவில்லை.

நாலு பேர், நாலு படுக்கை. ஒரே புத்தகத்தைப் பற்றி ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசியிருக்கிறோம்.

ரெஜினால்டுக்கு இதில் பாதி முன்பே தெரியும். வேறொரு நிறுவனத்தில் இப்படி ஒன்றைச் சோதித்திருக்கிறான், விற்பனைக்கு வந்துவிட்டது என்றுதான் தெரியாது. பொறுமையாகச் சொன்னான்.

"முக்கால்வாசி கதை எல்லாருக்கும் ஒண்ணுதான். அதுக்குள்ள அளவெடுத்துரும். எந்த வரில கண்ணு நிக்குது, எங்க நாடி எகிறுது, போன்ல யாருக்கு என்ன எழுதறீங்க. கடைசிக் கால்வாசிய டெய்லர் மாதிரி உங்க அளவுக்குத் தைக்குது. நீங்க எதுக்கு ரொம்பப் பயப்படறீங்களோ, அதான் முடிவு."

"எதுக்கு தம்பி இப்படி?"

"பயந்தவங்க படிக்கிறத நிறுத்த மாட்டாங்க. அடுத்த புக்க ஒடனே தொறப்பாங்க. அவ்வளவுதானுங்க்கா. வேற கெட்ட எண்ணமெல்லாம் அதுக்கு இல்ல."

நாடு முழுக்க லட்சம் பேர் படித்திருப்பார்களே, ஒருத்தர்கூடவா கண்டுபிடிக்கவில்லை என்று ஜெசிமா கேட்டாள். நாங்களே கண்டுபிடிக்கவில்லையே. முடிவைச் சொல்லாமல் இருப்பதை ஒரு மரியாதையாக வைத்திருந்தோம். அந்த இயந்திரம் எந்த இடத்தில் புகுந்துகொண்டதோ, சரியாக அந்த இடத்தில் நான் வேலி போட்டு வைத்திருந்தேன்.

அப்போது ரெஜினால்டு ஒன்று கேட்டான். "மங்கையக்கா யார் கணக்குல படிச்சாங்க?"

என் கணக்கில். என் டேப்லெட்டில். நான் முடித்த பிறகு, எனக்காகத் தைத்து முடித்த சட்டையை அவள் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிகிற நேரம் மில் வாசலில் போய் நின்றேன். மங்கை வந்தாள். முடியெல்லாம் பஞ்சு. எதிரில் இருந்த பேக்கரிக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்து, நாலு படுக்கைகளையும் சொன்னேன். ரெஜினால்டு சொன்னதை எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன்.

"அந்த முடிவு உன்னுது இல்ல அம்மணி. என்னுது. பயந்தது நான்."

"அப்ப எனக்கு அந்தப் பயமே இல்லீங்களா?" என்றாள் மெதுவாக. "நெசந்தான். படிக்கற வரைக்கும் எனக்கு அப்படி ஒண்ணு தோணவே இல்ல." டீ கிளாஸைத் தள்ளி வைத்தாள். "நீங்க முழுசாப் படிச்சுட்டுத்தான எனக்குக் குடுத்தீங்க?"

"ஆமா."

"அதுல என்ன இருக்குதுன்னு தெரிஞ்சேவா?"

இங்கே நான் பொய் சொல்லியிருக்கலாம். மறந்துவிட்டேன், யோசிக்கவில்லை, விதி இருக்கிறதே, முடிவைச் சொல்லக் கூடாதே. விதி என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. டேப்லெட்டைக் கொடுக்கும்போதும் அதைத்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் அன்றைக்கு என் மனதில் இருந்தது விதி இல்லை. இதைப் படித்தால் இவள் போக மாட்டாள். அதுதான் இருந்தது.

"தெரிஞ்சுதான் குடுத்தேன்," என்றேன்.

அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. பக்கத்து மேஜைக்காரர்கள் காதில் விழாத அளவுக்குத்தான் பேசினாள்.

"நீங்க பயந்ததுக்கு எந்தம்பி சாகோணுங்களாக்கா?"

எழுந்து போய்விட்டாள். பத்து நாள் என் அழைப்பை எடுக்கவில்லை. நான் சந்தாவை நிறுத்தினேன், பட்டையைக் கழற்றிக் குப்பையில் போட்டேன், மணிக்கட்டில் வெள்ளையாக ஒரு தடம் மட்டும் மிஞ்சியது. பதினோராவது நாள் ஜெசிமா வந்து, மங்கை ஆஸ்பத்திரிக்குப் போய் மறுபடியும் சம்மதம் சொல்லிவிட்டாள் என்றாள். குழந்தைவேலுக்குக் காய்ச்சல் இல்லாத ஒரு நாளைப் பார்த்துத் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

அந்தத் தேதி இன்றைக்கு.

காலை ஆறரைக்குக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தேன். வரச் சொல்லவில்லை யாரும். வார்டு வாசலில் நின்றேன். மங்கை பச்சை உடுப்பில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், வாங்க என்று கையைக் காட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னவென்று பேச்சை ஆரம்பிப்பது? அவளே ஆரம்பித்தாள்.

"எம்பேர்ல ஒரு சந்தா எடுத்தனுங்க்கா. பட்டையக் கட்டிக்கிட்டு அதே புக்க மொதல்லருந்து படிச்சேன்."

"அதெதுக்கு அம்மணி?"

"எனக்கு எது பயம்னு பாத்துக்கலாம்னுதான்."

முடிவு என்ன என்று நான் கேட்டேன். நான்தான் கேட்டேன்.

"படுக்கைல தம்பி. வெளிய நானு. மடில ஒரு சம்மதப் பேப்பர், கையெழுத்துப் போடாம." பச்சை உடுப்பின் நாடாவை இழுத்துக் கட்டினாள். "படிச்சு முடிச்ச அன்னிக்கே போயிச் சரின்னு சொல்லிட்டேன்."

போகாதே என்று தடுத்ததும் அந்தப் புத்தகம். இப்போது போ என்று அனுப்புவதும் அதுவேதானா? முதலில் என் பயத்தைக் காட்டி நிறுத்தியது, பிறகு அவள் பயத்தையே காட்டித் தள்ளுகிறது. இதில் மங்கை எங்கே இருக்கிறாள்?

"அந்தப் புக்கப் படிக்காம இருந்திருந்தா?" என்று கேட்டேன்.

"படிக்காமத்தான மொதல்ல சரின்னு சொன்னேன்," என்றாள். அப்புறம் முகம் வாடியது. "ஆனா அது நாந்தானான்னு இப்பத் தெரியலீங்க்கா. ரெண்டு தடவ சொன்னதுல எது என்னுதுன்னு தெரியல."

ஸ்ட்ரெச்சர் வந்தது. படுக்கும் முன்னால் காதிலிருந்த தோட்டைக் கழற்றினாள். அதை வாங்கிக்கொள்ள நர்ஸ் ஒரு உறையை நீட்டினாள். மங்கை அவளிடம் கொடுக்கவில்லை. என் உள்ளங்கையைப் பிரித்து, அதில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

"நீங்களே வச்சுக்கோங்க. உள்ளருந்து குடுத்தனுப்ப அவங்க கைல எதும் இருக்கக் கூடாது."

என்னை மன்னித்துவிட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் நேரம் இல்லை. தம்பியை அடுத்த அறைக்குக் கொண்டுபோனார்கள். அவன் கண்ணாடியும் இப்போது என் பையில்தான் இருக்கிறது.

நாலு மணி நேரம் ஆகும் என்றார் டாக்டர். மற்ற மூவரும் வந்துவிட்டார்கள், நாங்கள் நாலு பேரும் கதவுக்கு எதிரே வரிசையாக உட்கார்ந்திருக்கிறோம். ஜெசிமாவின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருக்கின்றன. ரெஜினால்டு தன் அப்பாவை இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டான். கண்டக்டர் அண்ணன் டீ வாங்கிவந்தார், யாரும் குடிக்கவில்லை. என் கழுத்தில் கயிற்றோடு கண்ணாடி தொங்குகிறது. அது நினைவுக்கு வந்து கழற்றிப் பைக்குள் போட்டேன். பிறகு கடிகாரம் தெரியவில்லையென்று மறுபடியும் எடுத்து மாட்டிக்கொண்டேன்.

மூன்று மணி நேரம் முடிந்துவிட்டது. முக்கால் பங்கு. எனக்குத் தெரிந்த கதைகள் எல்லாம் இந்த இடத்தில்தான் நிற்கும், இங்கே வந்ததும் நான் கையைத் தூக்கிப் போதும் என்பேன். பன்னிரண்டு வருடம் எல்லோர் வாயையும் அடைத்தவள், ஒரு மனுஷனாவது வெளியே வந்து முடிவைச் சொல்லிவிட மாட்டானா என்று அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். தோட்டின் திருகு உள்ளங்கையில் குத்திக்கொண்டே இருக்கிறது. அதுவே ஆறுதலாகவும் இருக்கிறது.

கதவு திறக்கிறது. ஒரு நர்ஸ் வருகிறாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, கைகளைத்தான் பார்க்கிறேன். கைகளில் ஒன்றும் இல்லை. மங்கையர்க்கரசிக்குச் சொந்தக்காரங்க யாரு என்று கேட்கிறாள். எழுந்து நிற்கிறேன். எதிலிருந்து ஆரம்பிப்பது என்று யோசிப்பவள் மாதிரி அவள் முகக்கவசத்தை இறக்குகிறாள்.

"சிஸ்டர்," என்கிறேன், "முடிவ மொதல்ல சொல்லிருங்க."